அப்பா வேலையை விடாத காரணம்

அன்புள்ள கசுமா அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அங்கே ஹகோடாதேயில் பனி தொடங்கியிருக்கும், உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்று அம்மாவுக்கு ஒரே நினைப்பு. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம், அதனால் தனக்கும் அப்பாவுக்குமாக என்னை எழுதச் சொன்னாள்.

அப்பாவுக்கு மார்ச்சில் அறுபத்தைந்து ஆகிறது. படகு வேலையில் இன்னும் ஓராண்டு இருக்கிறாரா, நிற்கிறாரா என்று இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அவரோ வாய் திறக்கவில்லை. அறுபதில் ஓய்வு வயது வந்து சம்பளம் பாதியானபோதும் வேலைக்குப் போனார், முழங்காலில் நீர் கோத்தபோதும் போனார். அவர் பழக்கிய இவாசே கேப்டனாகி அவருக்கே கட்டளையிட வந்தபோதும் போனார். பாவம், சங்கடப்படுவது இவாசேதான். ‘அண்ணே, மன்னிச்சுக்கங்க, கயித்தைக் கொஞ்சம் வீசிடுறீங்களா’ என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் படகு துறையில் இடித்துவிடும் என்று அப்பாவே சிரிப்பார். பிறகு எதுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது? அம்மாவைக் கேட்டேன். ஓய்வு பெற்ற புருஷன் துடைப்பத்தில் ஒட்டிய ஈர இலை, உதறினாலும் போகமாட்டான் என்று அவள் வேலை செய்யும் மீன் பதனிடும் கூடத்தில் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இவாசே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பேசினார். நான் மாடிப்படியில் இருந்தேன். ‘கால் இப்படி இருக்கே, போதும்னு சொல்லிடுங்கண்ணே’ என்றார். அப்பா குரலைத் தாழ்த்தி, ‘எனக்கும் ஆசைதான்ப்பா. ஆனா பகல்ல இந்த வீடு மிஹோவோடது. பள்ளிக்கூடத்த விட்டதுலேருந்து அவ பயமில்லாம நடமாடுறது அப்பதான். நான் நடுவுல வந்து உக்காந்தா புள்ள மறுபடி மேல போய் அடைஞ்சுக்கும்’ என்றார்.

அது உண்மைதான் அண்ணா. அவர் வீட்டில் இருக்கும் நாளில் என் சாப்பாட்டை மேலே எடுத்துப் போய்விடுவேன். இத்தனை காரணங்களை யோசித்தவள் என்னை யோசிக்கவேயில்லை.

செவ்வாய் அவருக்கு விடுமுறை. மதியம் நூடுல்ஸ் செய்து இரண்டு கிண்ணங்களையும் கீழே மேசையில் வைத்து, அவர் எதிரில் உட்கார்ந்தேன். இருவரும் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டோம். கடைசியில், ‘வெங்காயத்தாள் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்’ என்றார். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். ‘நாளைக்கு எனக்கு வேலை இருக்கே’ என்றார். அப்படியானால் மார்ச்சுக்கு அப்புறம் போடுகிறேன் என்றேன். அவர் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு மீதிச் சாற்றையும் குடித்தார். மாலையில் இவாசேவுக்குப் போன் செய்து, மார்ச்சோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

நீ பேசும்போது இதைக் கேட்காதே, அவரே சொல்லட்டும். காலை வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே என்பது அம்மாவின் கட்டளை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது இருவரின் ஆசி.

அம்மா, அப்பாவுக்காக,
உன் தங்கை மிஹோ