துண்டைப் பார்த்து வந்த பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். சித்தப்பாவும் சுகம்தான், முழங்கால் ஒன்றைத் தவிர, அதை அவன் தன் உடம்போடு சேர்த்துக்கொள்வதையே விட்டுவிட்டான். நீயும் என் பேத்தி பட்டாணியும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணித்தான் இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. உன் வீட்டிலிருந்து கிளம்பிய பயணம் நன்றாகவே முடிந்தது. ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உன் சித்தப்பா ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் தலையை நீட்டி, அங்கே நிற்கிற போக்குவரத்துப் போலீஸ்காரரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். கைய நீட்டச் சொன்னா சட்டையக் காயப் போடற மாதிரி நீட்டறான் பாருங்கண்ணே என்று அவன் சொன்னது கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. போக்குவரத்துப் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அவன் மனசு இன்னும் நடுரோட்டில்தான் நிற்கிறது. போனிலேயே இதையெல்லாம் சொல்லலாம், ஆனால் போனில் நீ ஒரு காதைத்தான் எனக்குத் தருகிறாய், இன்னொன்று பட்டாணியிடம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் எதற்காக அங்கே வந்தோம் என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இருந்த நாட்களில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உனக்கு வேலை அமையாவிட்டால் பட்டாணியை எங்களோடு அழைத்து வந்து இங்கேயே படிக்க வைப்பது, நீ கையில் பிள்ளை இல்லாமல் நிம்மதியாக வேலை தேடுவது என்று அம்மாதான் யோசனை சொன்னாள். நீ போனில் சரிம்மா என்றாய். அந்தச் சரியைச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நான் கவனித்தேன், அம்மாவும் கவனித்திருப்பாள், ஆனாலும் இங்கே பக்கத்து அறையைத் துடைத்து ஒரு சின்னக் கட்டிலைப் போட்டுவிட்டாள். அவளைத் தப்பாக நினைக்காதே. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஊரார் காய்ச்சலைக் கேட்கிறவளுக்கு, தூரத்தில் தனியாக இருக்கிற மகளுக்கும் பேத்திக்கும் ஒன்றென்றால் யார் ஓடுவார்கள் என்பதுதான் எப்போதும் நினைப்பு. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் சித்தப்பாவும் வந்தோம். வரும்போது எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது.

பிறகு நீ வேலை தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பட்டாணிக்குத் தலை பின்னிக்கொண்டே இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய பதில்களை முணுமுணுப்பாய், ஒரு பதில் சரியாக வராவிட்டால் கை பின்னலை இறுக்கி இழுத்துவிடும், அம்மா வேற பதில் சொல்லு, இது வலிக்குது என்பாள் அவள். பூங்காவில் ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தபோது நீ வேலை கேட்டிருந்த அந்த அச்சகத்தின் மேனேஜர் போன் செய்தாரே, நீ ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒரே வேகத்தில் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே பேசினாய், வேகம் குறைந்தால் பட்டாணி கத்துவாள் என்பது உனக்குத் தெரியும், அந்த மனுஷருக்குத் தெரியாது. பேசி முடித்ததும் வேற ஆள எடுத்துட்டாங்களாம்ப்பா என்று சொல்லிவிட்டு, தள்ளுவதை நிறுத்தவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே உன் பழைய பஸ் கம்பெனி டிரைவர் ஒருவர் கூப்பிட்டு, புதிதாக டியூட்டி போடுகிற ஆள் தன் லீவைக் குழப்பிவிட்டான் என்று அழாத குறையாகப் புலம்பினார். கம்பெனி கை மாறியதில் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் யாருக்கு எந்த வண்டி, யாருக்கு எப்போது ஓய்வு என்று கேட்க அவர்களுக்கு இன்னும் உன் நம்பர்தான் வாயில் வருகிறது. நீ அடுப்பில் கிளறிக்கொண்டே, யாரிடம் போய் எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். சம்பளம் இல்லாத வேலையை இவ்வளவு கவனமாகச் செய்கிறவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது ஆஸ்பத்திரி இன்டர்வியூ நடந்த நாள். அன்று நீ பார்த்தது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன். ஊழியர்களுக்கு ஷிப்ட் போடுகிற வேலை, கம்ப்யூட்டரிலேயே பேசிப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே பட்டாணி பெயின்ட் பூசி வைத்த பைஜாமாவுமாகப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா குளித்துவிட்டு வந்தான். தன் துண்டு காயவில்லை என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய சிவப்புத் துண்டை எடுத்துத் துவட்டியிருக்கிறான். ஈரத் துண்டு வீட்டுக்குள் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. நன்றாக உதறிப் பால்கனிக் கம்பியில் விரித்துப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கிளிப்பும் மாட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திறந்தால் மாடி வீட்டுப் பேக்கரிக்காரம்மா, பக்கத்துக்கு ஒருவனாக இரட்டைப் பையன்கள். துண்டு தொங்குதேன்னு வந்தேங்க, சீக்கிரம் வந்துடறேன் என்று சொல்லி இருவரையும் உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எந்தத் துண்டு என்று நான் கேட்டது படிக்கட்டுக்குத்தான் கேட்டது. அடுத்து கீழ் வீட்டு டாக்சிக்காரர், தோளில் அவர் மகள். நல்லவேள துண்டப் போட்டீங்க, சவாரி வந்துடுச்சு என்றார். அவரை நான் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி விசாரித்தேன். சிவப்புத் துண்டு தொங்கினா அந்த வீட்ல ஆள் இருக்கு, பிள்ளைய விட்டுட்டுப் போலாம்னு அர்த்தம், உங்க பொண்ணு பண்ண ஏற்பாடுதானே சார், உங்களுக்கே தெரியாதா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் திரும்பிச் சித்தப்பாவை ஒரு மாதிரி பார்த்தேன். அவன் பால்கனிக்கு ஓடித் துண்டை உருவுவதற்குள் தையல்காரம்மா தன் பையனோடு படியேறி வந்துவிட்டார்.

பட்டாணியோடு ஐந்து பிள்ளைகள், ஒரு கூடம், ஒரு மெல்லிய கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் உன் பிழைப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்தப்பாதான் கூடத்தின் நடுவில் போய் விறைப்பாக நின்று, வாயைத் திறக்காமல் வலது கையை உயர்த்தினான். எல்லாம் அப்படியே நின்றன. இடது கையை அசைத்தான், இரட்டையர்கள் தலையணைகளை ஓட்டிக்கொண்டு கடந்து போனார்கள். ஹார்ன் அடித்தால் அபராதம், அபராதம் என்றால் சுவரோரமாகக் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பது என்று எல்லாவற்றையும் சைகையிலேயே புரியவைத்தான். நன்றாகத்தான் போனது. தையல்காரம்மாவின் பையன் ஸ்டூலை ஓட்டிக்கொண்டு வளைவில் திரும்பினான், சமையலறை அலமாரியில் இடித்தான், பாத்திர மூடிகள் அத்தனையும் தரைக்கு வந்தன. கடைசி மூடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, பட்டாணிதான் காலால் மிதித்து அடக்கினாள்.

நான் உன் கதவோரம் போய் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள். பத்திரிகை வேலையில் எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்றிருக்கிறேன், மகளுடைய கதவுக்கு வெளியே இதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு பெண் குரல், என்ன சத்தம் அது என்றது. நீ மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். பாத்திரம் விழுந்திருக்கு மேடம், வெளிய பிள்ளைங்க இருக்காங்க, சத்தத்தப் பாத்தா என் பொண்ணு மட்டும் இல்ல, யாரோ துண்டப் போட்டுட்டாங்க போல என்றாய். எந்தத் துண்டு என்று ஓர் ஆண் குரல் கேட்டது, நான் படிக்கட்டில் கேட்ட அதே கேள்வி. நீ நிதானமாக விளக்கினாய். இந்தக் கட்டடத்தில் யாருக்கு எப்போது வேலை வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் முறை போட்டு எழுதி வைத்தது நடக்கவில்லை, இருக்கிறவர் துண்டைப் போடுவது, போகிறவர் துண்டைப் பார்த்து வருவது என்று மாற்றியதும் நடந்தது என்றாய். அப்புறம் அந்தப் பெண் குரல், நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டது. தனியாத்தான் வளக்கறீங்க, குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க. நீ யோசிக்கவே இல்லை. லீவு போடுவேன் என்றாய். பிறகு நீயே தொடர்ந்தாய். நான் லீவு போட்டா யார் பாக்கணும்னு முன்னாடியே போட்டு வச்சிருப்பேன் மேடம், எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும், உங்ககிட்டயும் பிள்ளை வச்சிருக்கறவங்க இருப்பாங்கல்ல, அவங்க இப்ப என்ன சொல்லி லீவு கேக்கறாங்கன்னு பாருங்க. அந்த ஆண் குரல் சிரித்துவிட்டது. பாட்டி செத்துட்டாங்கன்னுதான் கேக்கறாங்க, சில பேருக்கு ரெண்டு தடவ செத்துருக்காங்க என்றது. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டியதில்லை.

நீ கதவைத் திறந்து வந்தபோது சித்தப்பா உன்னையும் கை காட்டி நிறுத்தினான், நின்றாய், போகலாம் என்று காட்டியதும் நேரே போய் மூடிகளைப் பொறுக்கினாய். எப்படிம்மா போச்சு என்றதற்கு, சொல்லி அனுப்பறோம்னாங்கப்பா என்று மட்டும் சொன்னாய். பொறுக்கிய மூடிகளை எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பெருமை இன்னும் கூடியது. பயமே இல்லாமல் சொல்வது வேறு, இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு சொல்வது வேறு.

நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய், அதை விட்டுவிடு. பட்டாணி மிச்சம் வைத்ததைத் தின்பது சாப்பாட்டில் சேராது. சித்தப்பா இங்கே வந்ததிலிருந்து ஈரத் துண்டை வீட்டுக்குள்ளேயே நாற்காலி முதுகில் போடுகிறான், எதற்குண்ணே வம்பு என்கிறான்.

ஊர் திரும்பிய அன்று சாப்பிடும்போது, பட்டாணியை ஏன் கூட்டி வரவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் அம்மா விசாரித்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். லீவு போடுவேன்னா சொன்னா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியேவா என்றாள். அப்படியே என்றேன். மறுநாள் காலை, கடைக்குப் போற வழியில பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுப் போலாம், நீங்களும் வாங்க என்றாள். பட்டாணிக்காக அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள், உனக்கு அது தெரியாது. அலுவலகத்தில் இருந்தவரிடம், எங்க பேத்திக்கு எடுத்து வச்சத வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க என்றாள். பொண்ணுக்கு வேல கெடச்சிடுச்சாம்மா என்றார் அவர். இன்னும் சொல்லலைங்க என்றாள். அப்ப கொஞ்சம் பொறுங்களேன், குடுத்துட்டா அப்புறம் வந்து கேக்க முடியாது என்றார் அவர். கேக்க மாட்டோம், வேல கெடச்சாலும் கெடைக்கலன்னாலும் அவ அவங்கம்மாகிட்ட இருந்துதான் படிப்பா என்றாள் அம்மா. வெளியே வந்ததும், நேரமாச்சு என்று என் முகத்தைப் பார்க்காமலே வேகமாக நடந்துவிட்டாள்.

அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து என்ன பதில் வந்தாலும் அன்றைக்கே சொல்லு, நல்ல பதிலாக இல்லாவிட்டாலும் சொல்லு, எந்தப் பதிலானாலும் பட்டாணி இனி உன் கையைவிட்டுப் போகப் போவதில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்கு லீவு கிடைக்கும், உன்னிடம் வந்து இருக்கிறேன் என்கிறாள். இருக்கத்தான் வருகிறாள், யாரையும் கூட்டிப் போக அல்ல. நீங்கள் இருவரும் உடம்பில் தெம்போடும் மனசில் தெளிவோடும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் மூவரின் ஆசியும். பால்கனிக் கதவின் தாழ்ப்பாளில் திருகாணி கழன்றிருக்கிறது, பட்டாணிக்கு எட்டுவதற்குள் ஆளைக் கூப்பிட்டு முடுக்கிவிடு.

உன்னைப் பெற்றதில் நிறைந்த மனதோடு,
அப்பா