நான்கு பிளேட்டும் ஒரு கூவலும்

உறுவையாறு,
1957 ஐப்பசி 3

மகன் அரங்கநாதனுக்கு உன் தகப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பிரான்சில் மர்சேயில் நீயும் அமுதமும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக நான் எழுதவில்லை. என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்தவன் நீ, முதலில் எழுத வேண்டியவனும் நீதான். அதில் இப்போதும் நான் மாறவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் மாமியார் சிந்தாமணி நல்லவாட்டிலிருந்து நடந்தே வந்தாள். அமுதம் முழுகாமல் இருக்கிறாள், மார்கழியில் கப்பலில் வருகிறாள், பிரசவம் நல்லவாட்டில்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, "கொழந்த மூஞ்சிய பாக்க வருவீங்களா மாட்டீங்களா சம்மந்தி, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள். மீன்பிடிக்கிற வீட்டில் போய் உட்காருவதா என்று இருந்தது எனக்கு. பதில் சொல்லாமல் இருக்கத்தான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தேன். கைக்கு அகப்பட்டது அந்த நாலு பிளேட்டு நாடக செட்டு. கடற்கரையில் மீன்காரி புருஷனைக் கூவிக் கூப்பிடுகிற கூத்து. நீ தலையில் கூடை வைத்துக்கொண்டு கூடவே கூவுவாய், வந்தவர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பாதி ஓடும்போதுதான் யார் முன்னால் எதை வைத்தேன் என்று உறைத்தது. நிறுத்தக் கை போகவில்லை. உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிந்தாமணி நாலையும் கேட்டு முடித்துவிட்டு, "இன்னா சம்மந்தி, இப்பிடிக் கூவுனா கரையில படுத்துக்கினு இருக்கிற நாய்கூட திரும்பாதே" என்றாள். எழுந்து களத்துக்குப் போனாள். கையை வாயோரம் வைத்து ஒரே ஒரு கூவல். பாட்டில்லை, வார்த்தையுமில்லை. கட்டுத்தறியில் மாடுகள் நிமிர்ந்தன, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்தினார்கள். அத்தனை பெரிய சத்தத்தை நான் கோயிலிலும் கேட்டதில்லை. அமுதம் கைக்குழந்தையாக இருந்தபோது, கடலுக்குப் போன புருஷனுக்காக ஒரு புயல் ராத்திரி முழுக்கச் சம்மந்தியம்மா அப்படிக் கூவினார்களாம். புருஷன் வந்தாரா என்று உன் அம்மா கேட்டாள். "அவரு வரல. கூடப் போன ரெண்டு பேரு என் சத்தத்தப் புடிச்சிக்கினு கரை சேந்தாங்க" என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

அவர்கள் போன பிறகு மறுபடி பிளேட்டைப் போட்டேன். எவனோ ஒரு ஆள் மூக்கால் பேசுகிறான். இருபது வருஷம் அதற்கா சிரித்தோம் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. குழந்தை பிறந்த சேதி வந்த அன்றே நான் நல்லவாடு போவேன். சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஊரில் எவன் என்ன பேசினாலும் பேசட்டும்.

கப்பலில் அமுதத்துக்குக் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் படுக்கை ஏற்பாடு செய். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுசாகப் படித்துக்காட்டு, நீ கூடை வைத்து ஆடியதையும் விடாமல்.

உன் தகப்பன்,
நாகமுத்து