அண்ணி சொல்லிக்கொடுத்த புருஷன்

அண்ணி,

இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துச் சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்தினார். ஈரச் சருகு, எரியாமல் புகைந்துகொண்டே கிடந்தது. இங்கே இதற்கெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நான் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். புகை உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, தம்பியின் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விசா ஆபீசர் மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "உம், சொல்லு மே. உன் வூட்டுக்காரன் எந்தப் பக்கமா ஒருக்களிச்சிப் படுப்பான்?"

எழுபதுகளின் நடுவில் அது. எனக்குக் கல்யாணமாகி மாதம்கூட நிறையவில்லை, உங்கள் தம்பி இங்கிலாந்துக்கு விமானம் ஏறிவிட்டார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தவருக்கு, அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தயவில் இந்த ஊர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை கிடைத்திருந்தது. மலைமேல் அந்த வீட்டில் நீங்களும் நானும்தான். அடிவாரத்திலிருந்து வந்தவள் நான், மலைக்குப் புதிது. புருஷனைவிட அவருடைய அக்காவோடுதான் அதிக நாள் குடும்பம் நடத்தினேன் என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பேன்.

ஒருநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு விசா கேட்டு எழுதிப்போட்டிருக்கிறாராம். மெட்ராசில் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா என்று துருவித் துருவிக் கேட்பார்களாம். திருதிருவென்று விழித்தால் விசா கிடையாது, அப்புறம் எத்தனை வருஷமாகுமோ என்று எழுதியிருந்தார். உங்களுக்குப் படித்துக் காட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வெட்கப்பட்டே அந்த நாளெல்லாம் போய்விட்டது. முகமே பாதிதான் ஞாபகம் இருந்தது.

"இதுக்கா அழுவுற? நான் சொல்றேன். தூக்கி வளத்தவ நானு" என்றீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது பாடம். புளி தட்டும்போது, கடுக்காய் பொறுக்கும்போது, ஊற்றுக்குப் போகும்போது. அவனுக்குச் சாமைச் சோறும் புளியந்தளிர்க் கடைசலும் என்றால் உயிர். பானை அடியில் ஒட்டின காந்தலைச் சுரண்டி முதலில் அதைத்தான் தின்பான். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டான், கொல்லைப்பக்கம் போய் விறகு பிளப்பான். சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டான், மாட்டைக் குளிப்பாட்டுவான். ஊரே பரீட்சை அதிகாரியாகிவிட்டது. வழியில் எதிர்ப்படுகிற கிழவர்கூட நிறுத்தி, "கோவம் வந்தா இன்னா பண்ணுவான், சொல்லு பாக்கலாம்" என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார்.

எனக்கு அந்த நாள்கள் தூக்கத்தில் நடந்ததுபோல்தான் ஞாபகம் இருக்கின்றன. காலையில் பனி வாசல் வரைக்கும் ஏறி நிற்கும். அதற்குள்ளிருந்து நீங்கள் சொன்ன அந்த மனிதர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். மத்தியானத் தூக்கத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்கும், எழுந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கல்யாணத்தின்போது வராத ஆசையெல்லாம் அப்போதுதான் வந்தது அண்ணி. பார்க்காத நாளிலேயே அவர்மேல் பைத்தியமாகிவிட்டேன்.

காவலூர் பக்கம் வானம் வெளுத்திருக்கும் சாயங்காலங்களில், மரங்களுக்கு மேலே தொலைநோக்கி வைத்திருக்கிற வெள்ளைக் கூண்டு தெரியும். "அது வழியாப் பாத்தா என் தம்பி தெரிவானா?" என்று கேட்டீர்கள். அது நட்சத்திரம் பார்க்கிறதுக்கு அண்ணி என்றேன். "அவ்ளோ தூரம் தெரியுது, சீமை தெரியாதா?" என்றீர்கள்.

மலையிறங்கிப் போளூர் வந்து, மெட்ராஸ் பஸ் பிடித்துப் போனோம். விசா ஆபீசில் உங்களை உள்ளே விடவில்லை. தெருவோர மரத்தடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர். வீட்டுக்கு எத்தனை வாசல், தண்ணீர் எங்கே எடுப்பீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். கடைசியில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், உங்கள் புருஷனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று.

"பேசமாட்டாருங்க. போய் விறகு பொளப்பாரு."

தமிழ்க்காரர் அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். "தொரையும் அப்பிடித்தானாம்" என்றார் தமிழ்க்காரர். வெளியே வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். விசா வந்தது.

இங்கே வந்து முதல் சமையல். மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாமையைப் பொங்கி, அவருக்குப் பிடிக்குமே என்று வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டுச் சுரண்டி வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். "இன்னா, தீய வுட்டுட்டியா?"

"உங்களுக்குக் காந்தல்னா உசுரு. அண்ணி சொன்னாங்க."

"அக்காவுக்கு என்னைப் பத்தி இன்னா தெரியும்? எட்டு வயசுல ஹாஸ்டல்ல வுட்டாங்க. லீவுக்குக்கூட வந்ததில்ல. எனக்குச் சாமையே எறங்காது."

அன்று இரவு இடி இடித்தது. அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் அடுப்படியில் உட்கார்ந்து காந்தலைத் தின்றேன். அப்போது கண்முன் வந்தது உங்கள் கை, பானைக்குள் விட்டுச் சுரண்டுகிற உங்கள் கை. காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்காருவதும் நீங்கள்தான். என்னோடு சண்டை போட்ட அன்றெல்லாம் கொல்லைப்பக்கம் போய் விறகு பிளந்ததும் நீங்கள்தான். கூடவே இருந்து பார்த்தவள், எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டார்களே என்று அழுதேன். அழுது முடிந்ததும், உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது கேட்டேன், ஏன் அண்ணி அப்படிச் சொன்னீர்கள் என்று.

"இன்னா மே பண்றது? அவனப் பத்தி எனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா உனுக்கு விசா குடுத்துடுவானா?" என்றீர்கள். "எனுக்குத் தெரிஞ்சது ஒரு ஆளப் பத்திதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன செய்தி தந்தியில் வந்தது. கருமாதிக்குப் போய்ச்சேர லீவு கிடைக்கவில்லை. இங்கேயே படையல் போட்டுவிடலாம் என்றார். பிடித்ததையெல்லாம் சமைத்து வைக்க வேண்டுமே. சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார் உங்கள் தம்பி.

"அக்காவுக்கு இன்னா புடிக்கும்?"

நான் சொன்னேன். தடுமாறாமல், யோசிக்காமல், மெட்ராசில் சொன்ன மாதிரியே சொன்னேன். சாப்பாட்டில் ஆரம்பித்து, பயம், கோபம், சந்தோஷம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தினேன்.

"இன்னும் சொல்லு" என்றார்.