அப்பாவின் கல்லறையில் தேனீக்கள்

சுஷிமா
ஜூலை கடைசி

அன்பு மகள் மிஹோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஷிகெரு சித்தப்பா போனில் உன்னிடம் புலம்பித் தீர்த்திருப்பார், அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். தேனீப் பெட்டி வைத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை, ராணி இருக்கிறதா, பசியில் கிடக்கின்றனவா, பெரிய குளவி புகுந்துவிட்டதா என்று அதே நினைப்பு. பெட்டி விற்றவர், "சும்மா சும்மா திறக்காதீங்கம்மா, நம்ம ஊர்த் தேனீ ரோஷக்காரி, கோவிச்சிட்டுப் போயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டேனா? காலையும் மாலையும் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். போன வாரம் மொத்தக் கூட்டமும் இரைந்துகொண்டு கிளம்பிவிட்டது. செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். நம் குடும்பக் கல்லறையில் போய் இறங்கி, அப்பாவின் அஸ்தி இருக்கும் அடியறைக்குள் கல் இடுக்கு வழியாக நுழைந்துகொண்டன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாளே சித்தப்பா மருந்தடிக்கிற ஆளோடு வந்து நின்றார். "அண்ணி, ஓபோன் வருது, முன்னோரைக் கும்பிட ஊரே கல்லறைக்கு வரும், யாரையாவது கொட்டினா நம்ம மானம் போகும், இந்த வயசுல உங்களுக்கு எதுக்குத் தேனீ, பேசாம பொண்ணுகிட்ட போய் இருங்க" என்றார். நான் கல்லறை முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். "முதல்ல என் மேல அடிங்க தம்பி, அப்புறம் அதுங்க மேல அடிக்கலாம்" என்றேன். வந்த ஆள் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், குளவி வந்தால் என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் மூங்கில் தட்டி கட்டி ஆட்கள் நடக்கும் வழியைத் திருப்பிவிட்டேன், ஓபோனுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில் நின்று ஊதுபத்தி ஏற்றட்டும். வீட்டை விற்றுவிட்டு வா என்று நீயும் எழுதாதே, நான் வரப்போவதில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், சித்தப்பா மறுபடி கூப்பிட்டால் இதைச் சொல். அந்தக் கல்லில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் செதுக்கியாயிற்று, இன்னும் உயிரோடு இருப்பதால் நம் வழக்கப்படி எழுத்தில் சிவப்புச் சாயம் பூசி. நாளைக்கு நான் போய் இருக்கப்போகிற வீடு அது. அங்கே யார் குடியிருக்கலாம் என்று நான்தான் சொல்வேன்.

உன் அம்மா
கினுயோ