பூஜ்யம் இல்லாத நோட்டு

ஆனி 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். குளக்கரை மரத்தில் ஒரு இலை அசையலை.

இவருக்குப் பிரஷர் காலை அளவு 141/91, நாடி 73. மாலை 137/85, நா. 71. மாத்திரை எட்டு மணிக்குக் கொடுத்தாச்சு. டப்பாவில் மீதி 11.

நாளை ஆஸ்பத்திரி. எடுத்துப் போக: பிரஷர் நோட்டு, மெஷின், மா. டப்பா, பழைய ஈசிஜி, மோர்.

மாத்திரை ஆராய்ச்சிக்கு இவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை மறுபடி படிச்சேன். எட்டாவதோட நின்ற படிப்பு. அப்புறம் பஞ்சாங்கமும் வாரப் பத்திரிகையும்தான் வாத்தியார். இருந்தாலும் தமிழ்தானே, புரியணுமே. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை, பார்க்க ஒரே மாதிரி. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாத மருந்தை நான் என்னன்னு நம்பி தண்ணியோட நீட்டறது? இவருக்குக் கவலையே இல்லை. "ரெண்டுல ஒண்ணு. விடு" என்கிறார். போன ஆனியில் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சது இவருக்கா எனக்கா தெரியலை.

விளக்கு முன்னாடி ரெண்டு சீட்டு எழுதிப் போட்டேன். நிஜம், மாவு. எடுத்தேன். மாவு. சீட்டைத் திரும்பப் போட்டேன். ஆனா பிரஷர் பார்க்கறப்ப முதல் அளவை விட்டுட்டு அடுத்ததைத்தான் எழுதணும்னு ஆராய்ச்சிப் பிரிவுப் பொண்ணு சுபாவே சொல்லியிருக்கா. அதே விதிப்படி மறுபடி எடுத்தேன். நிஜம். அதோட சீட்டைக் கிழிச்சுட்டேன். அம்பாள் தப்பா நினைப்பாளா?

நாலு மணிக்குக் கோவிலில் பாராயணம். அட்டாக்குக்கு அப்புறம் பத்து மாசம் போகாம இருந்து, சித்திரையில்தான் மறுபடி ஆரம்பிச்சேன். செவ்வாய், வெள்ளி வந்தா இவரே விரட்டறார். "கிளம்பு கிளம்பு, அம்பாள் அட்டெண்டென்ஸ் எடுத்துடுவா."

ஆனி 4, புதன்

வெயில். அடையாறு வரைக்கும் ஆட்டோ. இவர் வாயே திறக்கலை.

சுபா நோட்டைப் புரட்டிக்கிட்டே வந்தா. நாலு மாசத்துக் கணக்கு, சிவப்பு மையில் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாம. பாராட்டுவான்னு உட்கார்ந்திருந்தேன்.

"ஆன்ட்டி, மத்தவங்க நோட்டுல பூஜ்யம்தான் ஜாஸ்தி இருக்கும். சோம்பல்ல 140, 150ன்னு முழுசா எழுதிடுவாங்க. உங்க நோட்டுல ஒரு பூஜ்யம்கூட இல்லையே, எப்படி?"

"பூஜ்யத்துல முடிக்க மாட்டேம்மா. உயிர் சமாச்சாரம். மொய் வைக்கறப்ப நூத்தியொண்ணு வைக்கறோம் இல்ல? அந்த மாதிரி ஒண்ணு சேர்த்துடுவேன்."

பேனாவைக் கீழே வெச்சுட்டா. "நூத்தி நாப்பது வந்தா?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"கீழ் அளவுக்கும்?"

"ரெண்டுக்கும். நாடிக்கும்."

சிரிக்க வந்தவ சிரிக்கலை. இது ஆராய்ச்சியாம், ஒண்ணு கூடினாலும் தப்புக் கணக்குதானாம். இந்த நோட்டைச் சேர்க்கறதா வேண்டாமான்னு மேலே கேட்கணுமாம். மெஷினுக்குள்ள எல்லா அளவும் தேதி நேரத்தோட தங்கியிருக்குமாம், அதை எடுத்துப் பார்க்கறோம்னு மெஷினை வாங்கி வெச்சுக்கிட்டா. எனக்கு முகமெல்லாம் சூடு. பால் கணக்குல ஒரு நாள் தப்பினாக்கூடத் தூக்கம் வராதவ, பொய்க் கணக்கு எழுதினவளா ஆயிட்டேன். இவரை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டா அது என் கையால.

அப்பதான் இவர் வாயைத் திறந்தார். "மெஷின் இங்க எதுக்கு? வீட்டுல வேணுமே." சுபா குடுக்கலை. இவர் சுவத்துக் காலண்டரையே பார்த்துக்கிட்டிருந்தார்.

திரும்பி வரப்ப மாட வீதி பூக்காரம்மா: "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது?" சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. "ஒண்ணுதானே சேத்த? நான் டெய்லி மொழத்துல கொறைச்சுக்கினு கீறேன். சாமி இன்னா, டேப்பு வெச்சா பாக்குது?" ரெண்டு முழம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். ஒண்ணே முக்கால்.

ஆனி 6, வெள்ளி

மேகம் மட்டும். மழை இல்லை.

அளவு இல்லை. நேத்தும் இல்லை. நோட்டுல ரெண்டு நாள் காலி. ஏழு மணிக்குக் கை தானா மெஷின் இருந்த அலமாரிக்குப் போறது.

பதினோரு மணிக்கு சுபா போன். திங்கட்கிழமை ரெண்டு பேரும் வரணும், டாக்டர் பேசணும்.

"என் நோட்டு விஷயமாம்மா?"

"அது இல்ல ஆன்ட்டி. வேற." வேற என்ன? சொல்ல மாட்டேங்கறா.

பாராயணத்தில் மனசு நிக்கலை. மூணு தடவை வரி விட்டுப் போச்சு. சீக்கிரமே எழுந்து வந்துட்டேன். பார்த்தா இவர் மாடிப்படியில், திருப்பத்தில் உட்கார்ந்திருக்கார். கையில் பை இல்லை, காலில் செருப்பு மட்டும். சட்டை நனைஞ்சிருக்கு.

"இங்க என்ன?"

"காத்து வாங்கறேன்."

அந்தத் திருப்பத்தில் ஜன்னலே கிடையாது.

ஆனி 9, திங்கள்

விடிகாலை தூறல். துணி உள்ளே எடுத்தேன்.

டாக்டர் ஒரு நீளத் தாளை மேஜையில் விரிச்சார். மெஷினிலிருந்து எடுத்தது. என் அளவெல்லாம் இருக்கு, நான் சேர்த்த ஒண்ணு மட்டும் இல்லை. நடுவில் மஞ்சள் பேனாவால் கோடு போட்ட பதினாறு அளவு. நான் எடுக்காதது. 168/98, நா. 104. 174/96, நா. 110. அப்படியே போறது.

தேதியைப் பார்த்தேன். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. எல்லாம் நாலரை மணி. எனக்கு முதலில் புரியலை. அப்புறம் புரிஞ்சுது.

டாக்டர் இவரைப் பார்த்து, "அந்த நேரத்துல என்ன பண்ணீங்க?"

"மாடிப்படி இறங்கி ஏறினேன் சார். ஏறினா நெஞ்சுல ஒரு அழுத்தம். உட்கார்ந்தா போயிடறது. எவ்வளவு ஏறினா வருதுன்னு லோடு குடுத்துப் பார்த்தேன்."

ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். மெஷினைச் சோதிக்கற மாதிரி தன்னையே சோதிச்சிருக்கார்.

"ஆராய்ச்சி நாங்க பண்றோம்னு நினைச்சேன்" என்றார் டாக்டர். அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். இனி படி ஏறாதீங்க. உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தா உடனே வரணும். நாளன்னிக்கு அட்மிட். திரும்ப ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடுவோம்."

நான் கேட்டேன்: "அப்ப இவருக்குக் குடுத்தது மாவு மாத்திரையா?"

"தெரியாதும்மா."

"இப்பவுமா?"

"இப்பவும். சிகிச்சைக்குத் தேவைப்பட்டா எந்த மாத்திரைன்னு ரகசியத்தைப் பிரிச்சுப் பார்க்கலாம். இப்ப ரத்தக்குழாயைத்தான் பார்க்கணும்."

வெளியே சுபா என் கையைப் பிடிச்சா. நீங்க சேர்த்த ஒண்ணு இல்லேன்னா மெஷினை இப்ப திறந்திருக்கவே மாட்டோம், ஆறு மாசம் முடிஞ்சுதான் பார்க்கறதுன்னா.

"அப்ப நான் பண்ணது தப்பா, இல்லையா?"

"தப்புதான் ஆன்ட்டி. இனிமே பண்ணாதீங்க."

மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டா. ஆட்டோவில் அதை மடியில் வெச்சுக்கிட்டேன். யார் பொய்க் கணக்கு எழுதினது? நான் எழுதினது தப்பு, இவர் எழுதாதது? அம்பாள்தான் என் கையை அப்படி எழுத வெச்சாளா? அப்படின்னா பதினாறு தடவை இவர் படியேற ஏன் விட்டா? தலை சுத்தறது.

ஆனி 10, செவ்வாய்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஆஸ்பத்திரிப் பை: வேட்டி 2, துண்டு 2, டம்ளர், பல்பொடி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய ரிப்போர்ட், விபூதிப் பொட்டலம்.

நாலு மணி ஆச்சு. நான் நகரலை. "கிளம்பலையா?" என்றார். துண்டை மடிச்சுப் பையில் வெச்சேன்.

"இதுக்குத்தான் சொல்லலை. சொன்னா நீ போறதை நிறுத்திடுவே. பத்து மாசம் என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. திரும்பப் போக ஆரம்பிச்சப்புறம்தான் நீ வீட்டுல பாடறே."

நான் பாடறேனா? எனக்கே தெரியாது.

"நீ ஒண்ணு சேர்க்கறதும் முதல் வாரமே தெரியும். பட்டறைக்காரன் கண்ணுக்குத் தப்புமா?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சேர்த்தப்புறம் பெருமூச்சு விட்டுட்டு நோட்டை மூடுவே. நல்லாத் தூங்குவே. எதுக்குக் கெடுக்கணும்?"

கோபமா, அழுகையா, என்னன்னு எழுதறது.

நாலரைக்கு இவர் கையில் மெஷின் பட்டி கட்டினேன். அளவு எடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசக் கூடாதுன்னு விதி. பேச வேண்டியது எவ்வளவோ. விதியைக் காப்பாத்தினோம். 152/88, நா. 76.

ஆனி 11, புதன்

வார்டு. மூணாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். வெளியே நல்ல மழை, சத்தம் மட்டும் உள்ளே வரலை.

ஆஞ்சியோ நாளைக் காலை ஏழு மணி. கையெழுத்துப் போட்டாச்சு. இந்தப் படிவத்தை ஒரு தடவைதான் படிச்சேன்.

மாலை அளவு நர்ஸ் எடுத்தா. பம்ப் வெச்ச மெஷின், காதில் குழாய். "நூத்தி முப்பது, எண்பது. நாடி எழுபது" என்று சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. நிஜமாவே அவ்வளவா, சோம்பலில் முழுசாச் சொன்னாளா? யாரைக் கேட்கறது?

நோட்டைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவர் படுத்தபடி பார்க்கறார்.

"நாளைக்கு ஆஞ்சியோ. இன்னிக்கு ஒரு நாள் சேர்த்துக்கோயேன். சுபாகிட்ட சொல்ல மாட்டேன்."

"பேசாம படுங்க."

130/80. நா. 70.

மூணு பூஜ்யம். அம்பாளே, அப்படியே எழுதியிருக்கேன். பார்த்துக்கோ.