கப்டன் ஊற்றித் தந்த பிளேன்டீ

வெள்ளி இரவு, கண்டி.

துணை விமானி ரிஸான் மீதான புகாரைக் கப்டன் இன்று திரும்பப் பெற்றார். மடவளை வீட்டிலிருந்து ரிஸானே போனில் சொன்னான்.

மழையில் தரையிறங்கும்போது, விமானத்தைத் திரும்ப மேலே எடுக்கும்படி ரிஸான் இருமுறை சொல்லியும் கப்டன் கேட்கவில்லை. இவன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்தான். சிவில் பயிற்சியில் அதுதான் விதி. விமானப்படையில் வளர்ந்தவருக்கு அது கீழ்ப்படியாமை.

"பேப்பர்ல அவர எழுதிராதீங்க நானா. கெட்ட மனுசன் இல்ல. அண்டைக்கு எனக்கு பிளேன்டீ ஊத்தித் தந்துட்டுத்தான் புகார் எழுதினார்."

பேப்பருக்கு எழுதி வைத்திருந்த செய்தியை நிறுத்திவைத்தேன்.

புகார் போனாலும், விமான நிறுவனம் இன்னும் அவனைப் பறக்க விடவில்லை. கொழும்பில் விசாரணை திங்கட்கிழமை. ஹந்தானையில் உள்ள தன் வீட்டிலிருந்து வந்து தன் காரிலேயே கூட்டிப்போவதாகக் கப்டன் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன சொல்வார் என்று ரிஸான் கேட்கவில்லையாம்.