நாலு பேரை ஒருத்தி ஆக்கியவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே, அதனால் எழுதுகிறேன்.

என் புத்தகத்துக்குப் பிழை திருத்த ஆள் வைக்கச் சொன்னது நீதான். எழுதினவள் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்றாய், பதிப்பகத்துக்காரரும் அதையே சொன்னார். அப்பா மட்டும், நம்ம ரெண்டு குடும்பத்துலயும் முதல் டிகிரி நீ வாங்கினது, உன் தப்பைக் கண்டுபிடிக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிறியான்னு சிரித்தார். நீ சொன்ன பெண்ணைப் போய்ப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, மேசை முழுக்க யார் யாரோ எழுதின தாள்கள். மாதிரிக்கு நாலு பக்கம் திருத்திக் காட்டினாள், குறை சொல்ல முடியாது, அழகாகச் செய்திருந்தாள். மீதியை எப்படிச் செய்யட்டும் மேடம்னு கேட்டாள். எனக்கு மேடம் என்றதிலேயே வாய் கட்டிக்கொண்டது. நீங்களே பாத்து செய்யுங்கன்னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தையற்காரரிடமும் கொத்தனாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

அவளும் பார்த்துத்தான் செய்திருக்கிறாள், மகராசி! மடிப்பு அறையில் என்னோடு ஆஸ்பத்திரித் துணி மடிக்கிற நாலு பேரைப் பற்றித்தானே எழுதியிருந்தேன், அவர்களைச் சேர்த்து ஒரே ஆளாக்கிவிட்டாள். எங்கே எதை மாற்றினோம் என்று குறி போட்ட பிரதி ஒன்றும் தருவார்களாம், எனக்கு வந்தது சுத்தப் பிரதி மட்டும். முதல் அத்தியாயத்தைப் படித்தேன், அதில் இந்த நாலு பேரும் இன்னும் வரவே இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். நீயும் முழுசையும் படித்துவிட்டு சூப்பர் அம்மா என்று போட்டாய். எதைப் படித்தாய் பாப்பா? உனக்குச் சடை பின்னிவிட்ட கைகள்தானே அவை எல்லாம், நாலு பேரில் மூன்று பேரைக் காணோம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

மடிப்பு அறையில் டீ குடிக்கிற நேரத்தில் அந்த நாலு பேரும், எங்க பக்கத்தை வாசிடி என்று சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் பெருமையாக, முன்கூட்டி ஒரு தடவைகூடப் பார்க்காமல் வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது. நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிற அக்காதான் முதலில் சிரித்தாள். நாலு பேரையும் ஒரே பெட்ஷீட்டா மடிச்சு அடுக்கிட்டாங்களேடி, இனிமே லீவு போட்டா நாலு பேரும் சேந்துதான் போடணும்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நிறுத்தத் தெரியாமல் நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அதில் பூனையக்கா கதை. சத்தமே இல்லாமல் நடப்பாளே, அவள்தான். அவளுடைய பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சலில் போனதும், அவன் படுத்திருந்த விரிப்பு வெளுத்து அவள் கைக்கே மடிக்க வந்ததும், அதை அவள் மடித்ததும். கேட்டு, அவள் சரி என்று தலையாட்டின பிறகுதான் எழுதினேன். அது இப்போது, புத்தகத்தில் மிஞ்சின ஒரே ஆளான ரேடியோவின் வாயில், ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு அடுத்த வரியில் வந்து நின்றது. பூனையக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். என் புள்ளைய ஏன் இவ சொல்றா என்று கேட்டாள். அவ்வளவுதான். எழுந்து போய் துணி உலர்த்துகிற டிரையர் பக்கம் நின்றுகொண்டாள்.

மறுநாளே அந்தப் பெண்ணிடம் போனேன். உட்காராமல் நின்றுகொண்டே கேட்டேன். நீங்கதானே மேடம் பாத்து செய்யச் சொன்னீங்க, நாலு பேரும் ஒரே வேலை செய்றாங்க, படிக்கிறவங்க குழம்புவாங்கன்னாள். குழம்பட்டும், எங்க சூப்பர்வைசரே இத்தனை வருஷமா குழம்பிட்டுத்தான் இருக்கார், தப்பைத் திருத்துங்க, ஆளை ஏன் திருத்துறீங்கன்னு கேட்டேன். நான்தான் கேட்டேன், நம்பு. அவள் முகம் சுண்டிப்போய், குறி போட்ட பிரதியை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பிரித்து எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் அப்பா, அவ திருத்தினதும் படிக்க நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வம்புன்னார். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தட்டை வைத்துவிட்டு, பக்கங்களை மறுபடி சரிபார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

பழையபடி ஆக்கின பக்கங்களை எடுத்துக்கொண்டு பூனையக்காவிடம் போனேன். வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அன்னைக்கு நீ கேட்டப்ப சரின்னேன், அது என் வாயிலயே இருக்கும்னு நெனச்சேன், இப்ப ஊரான் கையெல்லாம் பட்டுப்போச்சு, எடுத்துடு என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எடுத்துவிட்டேன் பாப்பா. புத்தகத்திலேயே நல்ல பக்கங்கள் அவைதான், அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அச்சுக்குப் போகிற பிரதியில் இனி மூன்று பேர்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலை விட்டு வைக்காதே, டாக்டரைப் பார். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் இன்றைக்கே செய். பெருமையில் அந்தச் சுத்தப் பிரதியை உன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினதாகச் சொன்னாயே, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு அழிக்கச் சொல், உன்னிடம் இருப்பதையும் அழி. அழித்தாயிற்று என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. பூனையக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

கோபம் தீராத,
உன் அம்மா